ஓடும்போதே அணைந்துபோகும் கார். "குறை இல்லை" என்கிறது நிறுவனம் – உதவி தேவை

சாலைவழி:
வணக்கம். நல்ல வேகத்தில் செல்லும்போதே என் காரின் இன்ஜின் அணைந்துவிடுகிறது. அந்தக் கணமே ஸ்டீயரிங் கல்லாகக் கனத்துவிடுகிறது. நேற்று பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகிச் சென்றது. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு முறையும் "குறை காணப்படவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். தயாரிப்பாளருக்கு எழுதினால் அதே மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். யாரிடம் முறையிடுவது? விரைவாகச் சொல்லுங்கள்.

அச்சாணி:
பெட்ரோலா டீசலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, வாரண்டி இருக்கிறதா என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. அணைந்தபின் உடனே ஸ்டார்ட் ஆகிறதா, ஆறிய பிறகுதான் ஆகிறதா?

பற்சக்கரம்:
கிராங்க் சென்சாராகத்தான் (இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கருவி) இருக்கும். சூடேறினால் சிக்னல் அறுந்துபோகும், ஆறினால் திரும்பிவிடும். அதனால்தான் மையத்தில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது. அணையும் நேரத்தில் வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தும் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மணிமாறன்:
எரிபொருள் பம்ப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? டென்சோ நிறுவனம் செய்த பம்ப்புக்குள் இருந்த பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி உருமாறியதால், ஓடும்போதே இன்ஜின் நிற்கக்கூடும் என்று டொயோட்டா 2020-இல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அணைவதற்கு முன் வண்டி திக்கித் திணறியதா என்பதைச் சொல்லுங்கள்.

மூத்தவன்:
இதையெல்லாம் இங்கே எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டு எழுதும் பழக்கம் புதியவர்களுக்கு வருவதே இல்லை. இன்ஜின் அணைவது ஓர் அசௌகரியம், அவ்வளவுதான். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அப்போதும் வேலை செய்யத்தான் செய்யும். பராமரிப்பை ஒழுங்காகச் செய்யுங்கள்.

அச்சாணி:
ஐயா, வருத்தத்துடன் மறுக்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் இதே வார்த்தையைச் சொல்லித்தான், சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் தன் நிலையிலிருந்து நழுவியதால் ஓடும் வண்டிகள் அணைந்ததைப் பாதுகாப்புக் குறையாகப் பார்க்காமல், வாடிக்கையாளரின் வசதிக்குறைவு என்று ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி வைத்திருந்தது. சுவிட்ச் நழுவினால் ஏர்பேக்கும் விரியாது என்பது அந்த வகைப்பாட்டில் மறைந்துபோயிற்று. 2014-இல்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டது. ஆகவே, சாலைவழி அவர்களே, சர்வீஸ் மையம் உங்கள் புகாரைப் பதியும் ஜாப் கார்டில் "வண்டி நின்றுவிடுகிறது" என்று எழுதவிடாதீர்கள்; "ஓடும்போது இன்ஜின் அணைந்து, ஸ்டீயரிங், பிரேக் உதவி போய்விடுகிறது" என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

வாதி:
முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குத்தான் பயப்படுவார்கள்.

அச்சாணி:
நோட்டீஸ் போனதும் பொறியாளர்கள் வாய்மூடிவிடுவார்கள். பேச்சு சட்டப் பிரிவோடு நின்றுவிடும். உங்கள் நாட்டின் வாகனப் பாதுகாப்பு அமைப்பிடம் சேஸிஸ் எண்ணுடன் புகாரைப் பதிவு செய்தால், வேறு ஊர்க்காரர்களின் அதே புகாரோடு அது சேரும்.

வாதி:
அந்தப் புகார்கள் சேரும்வரை இவர் குழந்தைகளோடு அதே வண்டியில் போய்க்கொண்டிருக்க வேண்டுமா?

பற்சக்கரம்:
இருவர் சொல்வதும் தேவைதான். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அணைந்தபின் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால், மிதிக்கு உதவத் தேங்கியிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) தீர்ந்துவிடும், ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். உருளும்போது சாவியைக் கழற்றினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

சாலைவழி:
பெட்ரோல், மேனுவல், வாரண்டி உண்டு. திணறல் இல்லை. பக்கத்தில் இருந்தவர் எடுத்த வீடியோவில் முள் சட்டென்று விழுவது தெரிகிறது. அதைக் காட்டிய பிறகே சென்சாரை மாற்றினார்கள். வாரண்டியில் கழற்றிய பாகம் நிறுவனத்துக்குச் சொந்தமாம், தர மறுக்கிறார்கள். அமைப்பிடம் புகார் பதிவு செய்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

அச்சாணி:
தர மறுத்ததையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் படம் எடுங்கள். எண்ணை மட்டும் குறித்தால் போதாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2006-இல் அந்தச் சுவிட்சைத் திருத்தியபோது பாக எண்ணை மாற்றாமல் விட்டதால், எந்த வண்டியில் எது இருக்கிறது என்பதே பின்னால் குழப்பமாயிற்று.