டியூப்ளெக்சருக்கு ‘அலைக்கவை’, அதற்கு முன் போக்கும் வரத்தும்

அனைவருக்கும் வணக்கம்.

செல்போனில் அனுப்பும் அலையும் வாங்கும் அலையும் ஒரே ஆண்டெனாவைப் பகிர, இரண்டையும் பிரித்துவிடும் சில்லுதான் டியூப்ளெக்சர். அதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘இருவழிப்பி’ என்று வந்த முன்மொழிவு எனக்கு ஒட்டவில்லை. இருவழி என்றால் ஒரே சாலையில் வண்டிகள் எதிரும் புதிருமாகப் போவதுதான் கண்ணில் வருகிறது. சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்களே, அந்தச் சில்லுக்குள் நடப்பது அதுதான். பாதை இரண்டு, சேருமிடம் ஒன்று. ஆண்டெனாதான் ஊட்டி.

ஆனால் அதற்குப் பெயர் வைக்குமுன் அந்த இரண்டு பாதைக்கும் பெயர் வேண்டும். அப்லிங்க், டவுன்லிங்க் என்பதை ‘மேலிணைப்பு, கீழிணைப்பு’ என்று எழுதுகிறோம். கோத்தகிரியில் என் போன் ரிப்பேர் கடைக்கு டவர் கீழே பள்ளத்தில் நிற்கிறது. “டவரே கீழதான இருக்கு, அப்புறம் எப்படிண்ணா மேலிணைப்பு?” என்று வேலை பழகும் தம்பி கேட்டான், நான் டீ சொல்லப் போய்விட்டேன்.

என் யோசனை: போனிலிருந்து டவருக்குப் போவது போக்கு, டவரிலிருந்து வருவது வரத்து. போக்குவரத்து என்று தினம் சொல்கிற வாய்க்கு இது புதிதே இல்லை. 2ஜி வகையான ஜிஎஸ்எம் 900-இல் போக்கு 890–915 மெகாஹெர்ட்ஸ், வரத்து 935–960, ஒவ்வொரு போக்குக்கும் அதன் ஜோடி வரத்துக்கும் 45 இடைவெளி என்று எழுதிப் பாருங்கள், எது எதுவென்று குழம்பாது.

போன வாரம் தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் கொண்டுவந்த போன், ‘எமர்ஜென்சி கால் மட்டும்’ என்று நின்றது. தம்பி உடனே ஆண்டெனாவை மாற்றக் கிளம்பினான். அவன் படித்த புத்தகத்தில் அதற்குப் பெயர் ‘அலைவாங்கி’, சிக்னலை வாங்காததால்தானே டவர் இல்லை என்பது அவன் கணக்கு. வாங்குகிற அதே கம்பிதான் கொடுக்கவும் செய்கிறது, அந்தப் பெயரில் பாதிதான் இருக்கிறது. கையால் நெட்வொர்க் தேடச் சொன்னேன். எல்லாக் கம்பெனிப் பெயரும் வரிசையாக வந்தன, அவருடையதைத் தொட்டால் பதிவாகவில்லை. அதாவது வரத்து இருக்கிறது, போக்கு இல்லை. டிசி சப்ளையில் மாட்டிப் பார்த்தால், பதிவுக்கு முயலும்போதெல்லாம் துள்ள வேண்டிய ஆம்பியர் முள் அசையவே இல்லை. தகர மூடியைக் கழற்றினோம். அனுப்பும் அலையை வலுவாக்கும், நாங்கள் பிஎஃப்ஓ என்கிற பவர் ஆம்ப்ளிஃபையருக்கு பேட்டரி மின்சாரம் போகும் வழியில் இருந்த காயில், பச்சைக் களிம்பு ஏறி அறுந்திருந்தது. மஞ்சில் நனைந்த போன்களில் இது சாதாரணம். ஆல்கஹாலில் துலக்கி அறுந்த இடத்தை இணைக்க ஒரு ஜம்பர் கம்பி போட்டதும் முள் துள்ளியது.

அதனால் பவர் ஆம்ப்ளிஃபையரைப் ‘போக்குப் பெருக்கி’ எனலாம். மலைமறைவில் டவர் எட்டாதபோது 2 வாட் வரை தள்ளி, பேட்டரியைத் தின்று சூட்டைக் கக்குவது இதுதான்.

இனி டியூப்ளெக்சர். ‘அலைக்கவை’ எப்படி? கவை என்றால் கிளை பிரியும் இடம், கவட்டை தெரியாத பையன் இல்லை. அடிக்கொம்பு ஆண்டெனா, ஒரு கிளை போக்கு, மறுகிளை வரத்து. ‘பிரிப்பான்’ வேண்டாம், அதைக் கேபிள் டிவி ஸ்ப்ளிட்டருக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆண்டெனா ஸ்விட்ச் வேறு. ஜிஎஸ்எம்மில் அனுப்புவதும் வாங்குவதும் மாறி மாறி நடப்பதால் ஸ்விட்ச் போதும், ஈழத்து வழக்கில் அழகாக ‘ஆளி’ என்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம். 3ஜியிலும் எஃப்டிடி (போக்குக்கும் வரத்துக்கும் தனித்தனி அலைவரிசை) வகை 4ஜியிலும் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால்தான் கவை தேவைப்படுகிறது.

வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் சா (SAW) ஃபில்டருக்குத்தான் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ‘மேற்பரப்பு ஒலியலை வடிகட்டி’ என்றால் அரிசியை விடச் சின்னதாக இருக்கும் பொருளை விடப் பெயர் நீளம். அதுவரை எங்கள் கடையில் “அண்ணா, சா செத்துப்போச்சு” என்றுதான் ஓடுகிறது. யாராவது சொல்லுங்களேன்.