வடக்குவீட்டுச் சொந்தங்கள்

தக்கலை மைனி: மாமா ராத்திரி நான்கைந்து தடவை மூத்திரத்துக்கு எழுந்து போகிறார். நேற்று டாக்டர் பார்த்துவிட்டு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்றார். மாமா ரத்தம் கொடுக்காமலே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

மஸ்கட் சுஜா அக்கா: என்னிடம் ஏன் சொல்லவில்லை?

தக்கலை மைனி: சொல்லக்கூடாது என்று சத்தம் போட்டார்

குலசேகரம் சித்தப்பா: அண்ணன் பயப்பட வேண்டாம். தினமும் ஒரு லிட்டர் தக்காளி ஜூஸ், கூட வைட்டமின் ஈ மாத்திரை. எல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட். இரண்டு மாதத்தில் சுருங்கிவிடும். மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

பெரியம்மா: (குரல் செய்தி 1:12)

கருங்கல் பினு: பால்காய்ச்சுக்கு எத்தனை பேர்? சமையல்காரர் கேட்கிறார்

மஸ்கட் சுஜா அக்கா: சித்தப்பா, தயவுசெய்து அந்த மாத்திரை வேண்டாம். அமெரிக்காவில் 2001இல் செலக்ட் என்று ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 35,000க்கும் மேற்பட்ட ஆண்கள். செலீனியம் என்ற தாதுச்சத்தும் வைட்டமின் ஈயும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். பலன் தெரியாததால் 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011இல் கணக்குப் பார்த்தால், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

மஸ்கட் சுஜா அக்கா: சாப்பாடாகச் சாப்பிடுவது வேறு. தக்காளிக்குச் சிவப்பு கொடுப்பது லைகோபீன். அதை வேகவைத்து எண்ணெயோடு சேர்த்தால்தான் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். பச்சை ஜூஸைவிட அம்மா தேங்காய் எண்ணெயில் தக்காளி வதக்கி வைக்கிற சாளைக்குழம்பு மேல். தர்பூசணி, பப்பாளி, உள்ளே சிவந்த கொய்யாவிலும் லைகோபீன் உண்டு. நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் இதெல்லாம் வீக்கத்தைச் சுருக்கும் மருந்து இல்லை. ஒரு லிட்டர் ஜூஸ் குடித்தால் ராத்திரி இன்னும் இரண்டு தடவை எழுந்திருப்பார், அவ்வளவுதான். சாயங்காலத்துக்கு மேல் டீயைக் குறையுங்கள். கடையில் கேட்டு சளி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், சிலதில் மூத்திரம் அடைத்துக்கொள்ளும்.

கருங்கல் பினு: 80 என்று சொல்லவா

பெரியப்பா: தோப்பை விற்றபோதும் தம்பி பேச்சைத்தான் கேட்டேன்

குலசேகரம் சித்தப்பா: அண்ணா, அது ஆகி 12 வருஷம்

கருங்கல் பினு: பெரியம்மா என்ன சொல்கிறார்கள்? பஸ்ஸில் கேட்கவில்லை

தக்கலை மைனி: தாத்தாவுக்கும் இதுதானாம். கடைசியில் முதுகெலும்புக்குப் போய்விட்டதாம். மாமா அதை நினைத்துத்தான் பயப்படுகிறாராம்.

குலசேகரம் சித்தப்பா: அப்பாவுக்கு முதுகுவலி என்றுதானே சொன்னீர்கள்

பெரியப்பா: நீ பாலிடெக்னிக் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அம்மா சொல்ல வேண்டாம் என்றாள்.

மஸ்கட் சுஜா அக்கா: அப்பா, எனக்கும் இப்போதுதான் தெரிகிறது. கேளுங்கள். வயதானால் வருகிற வீக்கம் புற்றுநோயாக மாறாது. வெறும் வீக்கத்திலும் பிஎஸ்ஏ கூடும், மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் கூடும். கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. ஆனால் வீக்கமும் புற்றுநோயும் சேர்ந்தும் இருக்கலாம், அதனால்தான் பார்க்கச் சொல்கிறார்கள். தகப்பனுக்கு அந்தப் புற்றுநோய் இருந்தால் மகன்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டாக்டரிடம் தாத்தா விஷயத்தை முதலில் சொல்லுங்கள். சித்தப்பா, நீங்களும்.

வடசேரி அத்தை: பால்காய்ச்சுக்கு மட்டிப்பழம் நான் வாங்கட்டுமா

கருங்கல் பினு: நான் சொல்லியாயிற்று அத்தை

குலசேகரம் சித்தப்பா: எனக்கும் ராத்திரி மூன்று தடவை ஆகிறது. வீட்டில் சொல்லவில்லை.

மஸ்கட் சுஜா அக்கா: இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். சித்தப்பா, ரத்தம் கொடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் ரப்பர் தோட்டத்துக்குச் சைக்கிளில் போக வேண்டாம், பிஎஸ்ஏ அளவு கூட்டிக் காட்டலாம்.

குலசேகரம் சித்தப்பா: வியாழக்கிழமை கார் கொண்டுவருகிறேன் அண்ணா. ஏழு மணி.

பெரியப்பா: பால்காய்ச்சு கழியட்டும்

தக்கலை மைனி: வியாழக்கிழமைதான் மாமா

பெரியம்மா: (குரல் செய்தி 0:05)

பெரியப்பா: ஏழரைக்கு வா. மாத்திரையைக் கொண்டுவராதே.