வலது மார்புல கழுகு இல்லன்னா உடனே தியாகமா?

தையல்மிஷின்:
காலைல இருந்து நாலு க்ரூப்ல இதே போட்டோ வந்துடுச்சு, எல்லாம் நம்ம வேங்கை43 போட்டதுதான். பழைய ஜெர்மன் ஆர்மி கோட்டு, வலது கைல மூவர்ணத்துல புலி பாயற 'ஃப்ரையஸ் இண்டியன்' (ஜெர்மன்ல 'சுதந்திர இந்தியா') பேட்ச், வலது மார்புல ஸ்வஸ்திக் பிடிச்ச நாஜிக் கழுகுச் சின்னம் இருக்க வேண்டிய இடம் காலி. கீழ என்ன எழுதியிருக்காருன்னா, "நேதாஜி ஜெர்மனில ஆரம்பிச்ச இந்தியப் படைய 1944-ல எஸ்.எஸ்.ல (ஜெர்மன் ஆர்மி இல்ல, நாஜிக் கட்சியோட தனிப்படை) சேர்த்தப்ப நம்ம வீரர்கள் கொதிச்சுப்போய் ஹிட்லரோட கழுகை பிச்சு எறிஞ்சதுக்கு இதுதான் சாட்சி"யாம். எங்கப்பா நாப்பது வருஷம் டெய்லர், நான் தையல் பிரிச்ச துணியிலயே வளர்ந்தவன். பிச்சு எறிஞ்சா துணி இழுபட்டு நூல் துணுக்கு அங்கங்க மாட்டிட்டு நிக்கும். இதுல ஓட்டை எல்லாம் வரிசையா சுத்தமா இருக்கு. பிளேடால ஒவ்வொரு தையலா பிரிச்சிருக்காங்க. கொதிச்சுப்போனவன் உக்காந்து பொறுமையா பிரிப்பானா? உள்பக்க லைனிங் போட்டோ போடுங்க, பாத்துட்டு பேசலாம்.

வேங்கை43:
வந்துட்டாருய்யா பெரிய எம்டன். ஏன், சிப்பாய்கிட்ட பிளேடு இருக்காதா? ஷேவிங் பண்ண மாட்டாங்களா?

கிரே_டாங்கி:
சீக்கியர் அத்தனை பேர் தாடி தலைப்பாகையோட இருந்த படைக்கு ஷேவிங் பிளேடா 😂

வேங்கை43:
மத்தவங்களும் இருந்தாங்க சார். பொம்மை டாங்கிக்கு பெயிண்ட் அடிக்கறவங்க இதுல தலையிட வேணாம்.

கிரே_டாங்கி:
பொம்மை இல்ல, ஸ்கேல் மாடல். பெயிண்ட் அடிக்கறதாலதான் எனக்கு இது தெரியும். ஆர்மிக்கு கழுகு வலது மார்புல, எஸ்.எஸ்.க்கு இடது கைல. ரெண்டும் ஒரே கழுகு கூட கிடையாது, ஆர்மி கழுகுல ரெக்கையோட மேல் இறகு நீளம், எஸ்.எஸ். கழுகுல நடு இறகு நீளம். ஆர்மி கோட்டை எஸ்.எஸ்.காரனுக்கு கொடுத்தா மார்புல இருக்கறத எடுத்துட்டு கைல தைக்கணும், அதான் ரூல். அப்ப நீங்க சொல்ற மாதிரியே 1944-ல எடுத்திருந்தாலும் அது எதிர்ப்பு இல்ல சார், ஆர்டருக்கு கீழ்ப்படிஞ்சது!

வேங்கை43:
அப்ப இந்த கோட்டுல இடது கைல எஸ்.எஸ். கழுகு எங்க? காலரும் பழைய ஆர்மி காலரேதான். நீங்களே எனக்கு பாயிண்ட் எடுத்துக் கொடுத்துட்டீங்க, நன்றி 🙏

தையல்மிஷின்:
அதே கேள்விதான் நானும் கேக்கறேன். எஸ்.எஸ்.க்கு மாத்தினது 1944 ஆகஸ்ட் 8, அது பேப்பர்ல நடந்தது, ஆளுங்க போட்டோல பழைய ஆர்மி உடுப்புலதான் நிக்கறாங்க. புலித்தலை போட்ட காலர் பேட்ச் தயாராச்சு, ஆனா எவனும் போட்ட மாதிரி போட்டோ இல்ல. அதெல்லாம் ஓரமா வைங்க. பிளேடுக்கு வாங்க. பிச்சாங்களா பிரிச்சாங்களா? ஃபேக்டரில லைனிங் வைக்கறதுக்கு முன்னாடி மிஷின்ல அடிச்ச கழுகுன்னா ஓட்டை வெளித்துணியோட நின்னுடும், அப்புறம் எவனாவது கையால தைச்சதுன்னா ஊசி லைனிங் வரைக்கும் குத்தியிருக்கும். ஒரே ஒரு போட்டோ. உள்பக்கம்.

ராதா_எம்:
எனக்கு ஒண்ணு புரியல, ஆர்மில இருந்து எஸ்.எஸ்.க்கு பேப்பர்ல மாறினவங்கள எஸ்.எஸ். ஆளுன்னு சொல்லலாமா கூடாதா? அத முதல்ல முடிவு பண்ணிட்டு சண்டை போடலாமே.

தையல்மிஷின்:
மேடம் அது வேற டாபிக். லைனிங்.

வேங்கை43:
கோட்டு என்கிட்ட இல்ல, ஃப்ரெண்டோட மாமாகிட்ட இருக்கு. அவர் வெளிநாட்டுல. கேட்டு போடறேன்.

தையல்மிஷின்:
போன வருஷமும் மாமாதானே? ஒரிஜினல்னு ஒரு பேட்ச் எனக்கு வித்தீங்களே ஞாபகம் இருக்கா, யு.வி. லைட் அடிச்சா நூல் ட்யூப்லைட் மாதிரி மின்னுச்சு. போருக்கு அப்புறம் வந்த நூல். காசு இன்னும் திரும்பி வரல.

வேங்கை43:
துவைச்சிருப்பாங்க! இந்தக் காலத்து சோப்புத்தூள் பட்டா எந்த நூலும் யு.வி.ல மின்னும், அதுலயே வெண்மை காட்டற கெமிக்கல் இருக்கு. டெய்லர் பையனுக்கு இது கூடவா தெரியாது.

தையல்மிஷின்:
துவைச்சா துணியும் சேர்ந்து மின்னணும்ல? நூல் மட்டும் மின்னுச்சு. அப்பாவ இழுக்காதீங்க.

நெல்லை_சீமை:
நம்ம செண்பகராமன் பிள்ளை ஜெர்மனில ஆரம்பிச்ச படைதான இது? தமிழன் பேர ஒருத்தரும் சொல்லலியே, வெக்கமா இல்ல?

கிரே_டாங்கி:
அண்ணே அவரு 1934-லயே பெர்லின்ல இறந்துட்டாரு. இந்தப் படை வட ஆப்பிரிக்கால பிடிபட்ட இந்தியக் கைதிங்கள வச்சு ஆரம்பிச்சது, 1941-க்கு அப்புறம்.

நெல்லை_சீமை:
விதை போட்டது யாரு? எம்டன் கப்பல்ல 1914-ல மெட்ராஸுக்கு வந்தது யாரு?

கிரே_டாங்கி:
ஐயோ, அவரு அந்தக் கப்பல்ல வந்ததுக்கு ஆதாரம் இல்ல, அத இங்க ஆரம்பிக்காதீங்க. ஏற்கனவே தனியா முந்நூறு கமெண்ட் ஓடிட்டிருக்கு.

நெல்லை_சீமை:
ஆமா, தமிழன்னா மட்டும் உங்களுக்கு ஆதாரம் வேணும்.

தையல்மிஷின்:
எல்லாருக்கும் வேணும். அதான் லைனிங் கேக்கறேன். போர் முடிஞ்ச 1945-ல ஜெர்மனில துணிப்பஞ்சம், தோத்த சிப்பாய்க்கு மாத்திக்க வேற கோட்டே கிடையாது. ஸ்வஸ்திக் வச்சுக்கிட்டு ரோட்டுல நடக்க முடியாது, அதனால கழுகை பிரிச்சுட்டு, சிலர் கலர் சாயமும் போட்டு, அதையே மாட்டிட்டு வேலைக்குப் போனாங்க. வெயில் படாம கழுகுக்கு அடில இருந்த துணி மட்டும் அடர்த்தியா ரெக்கை வடிவத்துல நிக்கும். உங்க போட்டோல அந்த நிழல் நல்லாவே தெரியுது, அப்ப பல காலம் கழுகோட இருந்த கோட்டு. அந்தப் புலி பேட்ச சுத்தி நிழலும் இல்ல, ஓரத்துல அழுக்கும் இல்ல. நேத்து தைச்ச மாதிரி பளிச்சுனு இருக்கு. கழுகுல தியாகம் தேடறீங்க, எனக்கு புலி மேலதான் டவுட்டு.

வேங்கை43:
இப்ப புலியும் டூப்ளிகேட்டா! சொந்த நாட்டு வீரன கொச்சைப்படுத்தறதே பொழப்பா போச்சு.

கிரே_டாங்கி:
வீரன யாரும் ஒண்ணும் சொல்லல, தைச்சவனதான் சொல்றாங்க. கழட்டினதெல்லாம் எதிர்ப்புன்னா ஹெல்மெட்ல இருந்த ஜெர்மன் மூவர்ண ஸ்டிக்கர 1940-ல ஆர்மியே எடுக்கச் சொல்லுச்சு, கழுகு ஸ்டிக்கரும் 1943-ல போச்சு. ஹிட்லரே ஹிட்லர எதிர்த்தாரா? 1957-ல மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு, போர்ல வாங்குன மெடல ஸ்வஸ்திக் இல்லாம குத்திக்கலாம்னு சொன்னதும், இரும்புச் சிலுவைல அந்த இடத்துல ஓக் இலைய வச்சு புதுசா அடிச்சு வித்தாங்க. அதுவும் தியாகமா?

வேங்கை43:
மெடல் வேற கோட்டு வேற. வலது மார்பு இதயத்துக்கு பக்கத்துல இருக்கற இடம், அங்க இருந்து எடுத்ததுல ஒரு அர்த்தம் இருக்கு.

கிரே_டாங்கி:
இதயம் இடது பக்கம் சார்.

வேங்கை43:
உணர்வு தெரியாதவங்ககிட்ட பேசிப் பிரயோஜனமில்ல.

ராதா_எம்:
🤦

வேங்கை43:
இந்தா, கேட்ட போட்டோ வந்துடுச்சு. மாமா அனுப்பிட்டாரு. நல்லா பாருங்க.

தையல்மிஷின்:
இது பட்டன். முன்பக்க பட்டன க்ளோசப்ல எடுத்திருக்காரு. நான் கேட்டது லைனிங்.

வேங்கை43:
பட்டன் பின்னாடி கொஞ்சம் தெரியுதுல்ல?

தையல்மிஷின்:
தெரியறது மாமா கட்டை விரல். லைனிங் போடுங்க, அப்படியே என் காசும்.