வீட்ல சாமி விஷயத்துல பெரியவங்க கிட்ட நேருக்கு நேரா பேசின அனுபவம் இருக்கா?

காட்பாடி மருமக:
வணக்கம் மக்களே. நானே ஆரம்பிக்கிறேன். கல்யாணமாகி கொஞ்ச வருஷம் குழந்தை இல்ல, ட்ரீட்மென்ட் போய்ட்டிருந்தது. எங்க மாமனாரோட அக்கா, எல்லாருக்கும் அவங்கன்னா ஒரு பயம். ஒரு வளைகாப்புல பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுட்டு உக்காந்திருக்கோம், அத்தனை பேர் முன்னாடி ஆரம்பிச்சாங்க. "இந்த கார்த்திகை கடைஞாயிறுக்கு இவள விரிஞ்சிபுரம் கூட்டிட்டு போய் படுக்க வைங்க, ஆஸ்பத்திரிக்கு கொட்டுற காசு மிச்சம்"னு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ராத்திரி சிம்ம தீர்த்தத்துல முழுகிட்டு ஈரத்துணியோட கோயில்லயே படுக்கணும், கனவுல பூ பழம் வந்தா குழந்தை நிச்சயம்னு நம்பிக்கை. நான் ஒண்ணும் அத கிண்டல் பண்றவ இல்ல, எங்கம்மாவே அங்க படுத்து பொறந்தவன் தான் என் தம்பி. ஆனா எனக்கு சின்ன வயசுலருந்தே வீசிங், டிசம்பர் பனியில ராத்திரி பூரா ஈரத்துணின்னா நெபுலைசர் தான் கனவுல வரும். அத சொன்னேன். அதுக்கு அவங்க, "நம்பிக்கை இருக்கிறவளுக்கு மூச்சு இழுக்காது"ன்னாங்க பாருங்க, அங்க தான் எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "அத்தை, என் நம்பிக்கைய நீங்க அளக்க வேணாம், அது எனக்கும் மார்க்கபந்தீஸ்வரருக்கும் நடுவுல இருக்கிற விஷயம், படுக்க மாட்டேன், கும்புட வருவேன்"னு சொல்லிட்டேன். கை நடுங்குது எனக்கு. ஒருத்தர் வாய தொறக்கல, என் வீட்டுக்காரர் செல்லை நோண்டிட்டு இருக்கார் (அது தனி பஞ்சாயத்து). அப்ப எங்க மாமியார், அதுவரைக்கும் அவங்க கிட்ட எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவங்க, "அவ சொன்னதுல இன்னா தப்பு அண்ணி, கோயிலுக்கு நான் கூட்டிட்டு போறேன்"னாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில நானும் மாமியாரும் மட்டும் பஸ் ஏறி போனோம். கூட்டம்னா கூட்டம். சாமி பாத்துட்டு தெற்கு பிரகாரத்துல அந்த மணிகாட்டும் கல்லு இருக்குல்ல, அரைவட்டமா செதுக்கி நம்பர் போட்டிருக்கும், அங்க போய் மாமியார் எங்கிருந்தோ ஒரு ஈர்க்குச்சி எடுத்தாந்து குழியில வச்சு நிழல் எங்க விழுதுன்னு குனிஞ்சு பாக்குறாங்க, என் போனை வாங்கி பக்கத்துல வச்சு ஒப்பிட்டு பாத்துட்டு "பத்து நிமிஷம் லேட்டுடி சாமி கடிகாரம்"னு ஒரே சிரிப்பு. அப்புறம் விரிஞ்சை மதிலழகுன்னு சும்மாவா சொன்னாங்கன்னு அந்த மதிலு நிழல்லயே உக்காந்து தூக்குல கொண்டு போன புளிசோறும் வறுத்த மொளகா வத்தலும். கல்யாணமாகி அவ்ளோ நிம்மதியா நான் சாப்ட்டது அன்னைக்கு தான். குழந்தை என்ன ஆச்சுன்னு யாரும் கேக்காதீங்க ப்ளீஸ், அது வேற கதை.

சத்துவாச்சாரி அண்ணன்:
நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா ஒண்ணு, வயசானவங்க ஆதங்கத்துல சொல்றது, சபையில வச்சு பேசாம அப்புறமா தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம்ல.

காட்பாடி மருமக:
அண்ணா, சபையில வச்சு கேட்டது அவங்க தானே.

குடியாத்தம் தறிவீடு:
எங்க வூட்ல இது அப்படியே உல்டா. எங்க நைனா கருப்புச் சட்டை. அம்மா கெங்கையம்மன் பக்தை. வைகாசி ஒண்ணாந்தேதி சிரசு திருவிழான்னா குடியாத்தமே ரோட்ல நிக்கும், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்லருந்து கோபாலபுரத்துக்கு அம்மன் தலை ஊர்வலமா வரும், அம்மா வெறும் வயித்தோட வெயில்ல நின்னு பாத்துட்டு தான் தண்ணியே குடிப்பாங்க. நைனா வருஷா வருஷம் திண்ணையில உக்காந்துகினு "மரத்தலைய பாக்க போறா, தன் தலை கிறுகிறுன்னு சுத்துறது தெரியல"ன்னு போற வர்றவங்க கிட்டலாம் சொல்லி சிரிப்பாரு. அம்மா சிரிச்சிகினே போய்டுவாங்க. எனக்கு அது பழகிப் போச்சு, ஆனா ஒரு ஆடி மாசம் அம்மாவுக்கு சுகர் கூடி ஆஸ்பத்திரிலருந்து வந்த நேரம், கூழ் ஊத்தணும்னு கேவுரு மாவு கரைச்சு வச்சிருந்தாங்க, அத பாத்துட்டு அதே நக்கலு. அன்னைக்கு தறிய நிறுத்திட்டு எழுந்து வந்து கேட்டேன். "நைனா, பெரியார் ஐயா 1973 டிசம்பர் 24 நம்ம வேலூர் சிஎம்சில தான் கண்ண மூடுனார்னு சொல்லி சொல்லி வருஷா வருஷம் மாலை போட போறியே, அன்னைக்கு அம்மா உன்ன ஒரு வார்த்தை சொல்லிகிறாங்களா? அந்த சட்டைய தோய்ச்சு பெட்டி போட்டு குடுக்கிறதே அவங்க தானே? நீ நம்பாம இரு, யாரு வேணான்னா, நக்கல் எதுக்கு?"

அவ்ளோ தான். கத்துவாருன்னு பாத்தேன், துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு கிளம்பி போய்ட்டாரு. ராவு தான் வந்தாரு. மறுநாள் காலையில அம்மா அண்டாவ தூக்க முடியாம நிக்கிறாங்க, நைனா வந்து ஒரு பக்கம் புடிச்சிகினு தெருமுனை வேப்பமரம் வரைக்கும் தூக்கினு போனாரு. "அம்மனுக்காக இல்ல, அண்டா கீழ போட்டு உடைச்சிடுவான்னு தான்"னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிகினே. நொய் போட்டு புளிச்ச கூழு, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை பொரியல், பக்கத்து வூட்டுலருந்து கருவாட்டுக் குழம்பு. ரெண்டு சொம்பு குடிச்சாரு மனுஷன். பகுத்தறிவுக்கு அதுல ஒரு கொறையும் வரல போல. இப்பவும் திண்ணை பேச்சு உண்டு, ஆனா அம்மா காதுல விழுற மாதிரி இல்ல.

தோட்டப்பாளையம் மாடி வீடு:
எங்க வீட்டு மாடியில ரெண்டு ரூமு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடறோம், பெரும்பாலும் பெங்கால் சைடு ஆளுங்க. ஒரு தீதி, வீட்டுக்காரருக்கு கிட்னி, மாசக்கணக்குல இருந்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மா விளக்கேத்துற நேரம், மாடியில கடுகு எண்ணெய்ல மீன் பொரியுது. அம்மா பத்ரகாளி ஆயிட்டாங்க, காலி பண்ண சொல்லுடின்னு. இதுல அவங்க எங்க செம்பருத்திய வேற பறிச்சு செல்ஃபுல இருக்கிற காளி படத்துக்கு வைக்கிறாங்கன்னு தனி கோவம். நான் கேட்டேன், "மயானக் கொள்ளைக்கு பாலாத்தங்கரை வரைக்கும் அங்காளம்மன் பின்னாடி ஓடிட்டு வந்து கறி சோறு ஆக்குற நீ, அவங்க காளிய கும்புட்டு மீன் துன்னா இன்னா? அந்த மனுஷன் டயாலிசிஸ் முடிச்சிட்டு வந்து படுத்திருக்காரு, இப்ப போய் ரூம் காலி பண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன், வேணும்னா நீ போய் சொல்லு." அம்மா உண்மையிலேயே மேல ஏறி போனாங்க! நான் கீழ பக் பக்னு நிக்கிறேன். அரை மணி ஆவுது, சத்தமே இல்ல. போய் பாத்தா தீதி கடுகு எண்ணெய சூடு பண்ணி அம்மா முட்டிக்கு தேய்ச்சு விட்டுட்டு இருக்காங்க, ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்கு தெரியாது, அம்மா கால நீட்டிட்டு "ஆங், அங்க தான், அங்க தான்"ங்கிறாங்க.

வெள்ளிக்கிழமை மீன் ஓகே ஆயிடுச்சு. அமாவாசைக்கு மட்டும் கூடாதுன்னு ரூல் போட்டிருக்காங்க, அதுல நான் தலையிடல. அவங்க ஊருக்கு போயிட்டாங்க, ரூம் இப்ப காலி தான், பேஷன்ட்டோட வர்றவங்க யாராவது இருந்தா மெசேஜ் பண்ணுங்க, கேஸ் ஸ்டவ் இருக்கு, சமைச்சுக்கலாம்.