ஊருணிக்குள்ளயா தொட்டி கட்டப் போறீக?

உப்புக்காத்து:
ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீரை ஏற்றி விட 3 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. நான் சைட் சூப்பர்வைசர். போய்ச் சேர்வதற்குள் இடம் முடிவாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புறம்போக்கு, மெயின் பைப்பும் பக்கத்திலேயே. யாருக்கும் தகராறு இல்லை. தகராறு இல்லாத இடம் ஏன் இத்தனை நாள் சும்மா கிடந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மண் பரிசோதனைக்கு வந்தவர்கள் வண்டி நிற்க வசதியான ஓரத்தில் ஒரே ஒரு துளை போட்டார்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும், குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். இருபதைத் தாண்டியது. கெட்டி மணல், எல்லாருக்கும் சந்தோஷம்.

டீ கொண்டு வந்த அப்பத்தாதான் கேட்டது: "ஏப்பா, ஊருணிக்குள்ளயா தொட்டி கட்டப் போறீக? குப்பையக் கொட்டில்ல மேடாக்குனாக!"

பெரியவர்கள் கையைக் காலைப் பிடித்து நடுவில் இன்னும் இரண்டு துளை போட வைத்தேன். மேலே பாட்டில் சில்லு, அறுந்த செருப்பு வார். நாலு மீட்டரில் கருங்களி. சுத்தியலை ஓங்கவே வேண்டியிருக்கவில்லை, அதன் கனத்திலேயே கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. தண்ணீர் மட்டுமே 300 டன். பாதி அஸ்திவாரம் மணலில், பாதி களியில் என்றால் தொட்டி மொத்தமாக இறங்காது, ஒரு பக்கமாகச் சாயும். 40 மீட்டர் தள்ளி, பனை நின்ற மேட்டுக்கு மாற்றினோம். கூடுதல் பைப்புக்கு நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

கம்பிகட்டி:
அண்ணே, எங்களுக்கு மண்டபம் பக்கம் தண்ணிதான் வில்லன். சித்திரையில் பார்த்த நீர்மட்டத்தை நம்பி, ஆவணியில் தோண்ட வேண்டிய குழியைக் கார்த்திகையில் தோண்டினார்கள். காலையில் வந்தால் இடுப்பளவு தண்ணீர், கரை மணல் சரிந்து கம்பி மேலே கிடக்கிறது. மூணு மோட்டார் ஓடியும் ஊற்று நிற்கவில்லை. அதில் கான்ட்ராக்டர் அந்தத் தண்ணியிலேயே கலவை போடலாம் என்றார். ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாதாம். நாக்கே தாங்காததைக் கம்பி எப்படித் தாங்கும்? லாரித் தண்ணீர் வரும்வரை இரண்டு நாள் சும்மா உட்கார்ந்தோம். கூலி வந்தது பாதிதான்.

பனங்கிழங்கு:
எங்கள் வீட்டுக் கொல்லைக்கு நேரே தொட்டி. வாடைக்காற்று அடிக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். புயல் நேரத்தில் அது நிறைந்திருந்தால் பயமா, காலியாக இருந்தால் பயமா?

உப்புக்காத்து:
கவிழ்கிற பயம் காலித் தொட்டிக்குத்தான் தங்கச்சி, பிடித்து நிறுத்தும் கனம் குறைவு. மண் தாங்குமா என்கிற கணக்கு நிறைந்த தொட்டிக்கு. அஸ்திவாரம் போடும்போது இரண்டையும் பார்ப்பார்கள்.

பனங்கிழங்கு:
அப்போ சரி. எங்க ஆபரேட்டர் அண்ணன் பாம்பனில் கூண்டு ஏற்றினார்கள் என்றாலே மோட்டாரைப் போட்டு நிரப்பிவிடுவார். கரண்ட் போனால் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று.