கேஸ் கிரில்லில் சுட்டால் அது பார்பிக்யூ இல்லையா?

கேள்வி (டாலஸிலிருந்து):
இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை கேஸ் கிரில்லில் கோழிக்கால் சுட்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்பிக்யூ சாப்பிடக் கூப்பிட்டேன். ருசித்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது, "இது கிரில்லிங், பார்பிக்யூ வேறு" என்றார். இரண்டும் நெருப்பில் சுடுவதுதானே?

பதில் (ஆஸ்டினிலிருந்து):
அவர் சொன்னது சரி. ஒன்பது வருடமாக வீட்டுப் பின்புறம் விறகு ஸ்மோக்கர், அதாவது புகையில் கறி வேகவைக்கும் அடுப்பு, வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிரில்லில் கறிக்கு நேர் கீழே பெருந்தீ. ஸ்டேக், கோழிக்கால் எல்லாம் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். பார்பிக்யூ என்பது மெதுவாக வேகவைப்பது. என் ஸ்மோக்கரில் தீ ஒரு பக்கம், கறி மறுபக்கம். புகையும் அனலும்தான் கறியைத் தொடும். சூடு 110 முதல் 135 டிகிரி செல்சியஸ்.

ஏன் இவ்வளவு மெதுவாக? பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுக்கறி, எடை தாங்கி உழைத்த தசை. பெருந்தீயில் சுட்டால் மெல்லவே முடியாது. நிதானமாகச் சூடேறினால் அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஜெலட்டினாக உருகும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதட்டில் ஒட்டுமே, அதே பசைதான். ஐந்தாறு கிலோ துண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும். உள்சூடு 95 டிகிரியை நெருங்கும்போது குத்திப் பார்க்கும் கம்பி தடையில்லாமல் இறங்கும்.

நடுவில் ஒரு சோதனை உண்டு. உள்சூடு 70 டிகிரி வாக்கில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பதுபோல, கறியின் ஈரம் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. முதல் தடவை பயந்துபோய்த் தீயைக் கூட்டினேன், ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது. இப்போது தடித்த காகிதத்தில் சுற்றிவைத்துக் காத்திருக்கிறேன்.

மசாலா உப்பும் மிளகும் மட்டும். விறகு போஸ்ட் ஓக் என்ற மரம். புகை வெள்ளையாக மண்டினால் கறி கசக்கும், அதனால் காய்ந்த விறகாகப் பாருங்கள்.

ஒருமுறை லாக்ஹார்ட் போய் வாருங்கள். டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகர் என்று மாநிலச் சட்டமன்றமே பெயர் சூட்டிய ஊர். அங்குள்ள க்ரைட்ஸ் மார்க்கெட் 1900-ல் இறைச்சிக் கடையாகத் தொடங்கியது. இன்றும் கறியை எடை போட்டுக் காகிதத்தில்தான் தருகிறார்கள்.

பதில் (வட கரோலினாவிலிருந்து):
அண்ணா, தீ ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் கணக்கு. இங்கே கிழக்குப் பக்கம் முழுப் பன்றியைக் கிடத்தி, அதற்கு அடியிலேயே விறகுத் தணலை அள்ளிப் போடுவார்கள். ராத்திரி முழுக்க வேகும். அப்புறம் கறியைக் கொத்தி, வினிகரும் மிளகாயும் கலந்து தருவார்கள். அதுவும் அசல் பார்பிக்யூதானே?

ஆஸ்டின்காரர்:
சந்தேகமே இல்லை. பக்கம் என்று நான் சொன்னது என் அடுப்புக்கு மட்டும். விறகு, குறைந்த சூடு, நேரம், இந்த மூன்றும் உங்கள் ஊரிலும் இருக்கின்றன.

டாலஸ்காரர்:
கேஸ் கிரில்லை வைத்து எதுவும் செய்ய முடியாதா?

ஆஸ்டின்காரர்:
பழகலாம். ஒரு பர்னரை மட்டும் ஏற்றி, அதன்மேல் சின்ன இரும்புப் பெட்டியில் மரச்சில்லு போடுங்கள். அணைந்த பக்கம் பன்றித் தோள்கறி வையுங்கள். கொழுப்பு அதிகம், சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கும். காலை ஆறு மணிக்கே ஏற்றிவிடுங்கள், மூடியை அடிக்கடி திறக்காதீர்கள்.