மலிவில் பெயர் எடுத்த கம்பெனி மேலே ஏறுமா? கவுண்டரிலும் வீட்டிலும் பார்த்தவை

உறையூர்க்காரன்:
திருச்சியில் ஒரு செல்போன் கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். மலிவு விலையில் பெயர் வாங்கிய கம்பெனி அதற்கப்புறம் விலை ஏற்ற என்ன பாடு படுகிறது என்பதை கவுண்டரில் நின்றால் தினமும் பார்க்கலாம்.

சியோமி 2014இல் இந்தியாவுக்கு வந்தபோது எங்களுக்குச் சரக்கே கிடையாது. எம்ஐ 3 விலை 13,999 ரூபாய், மலிவு வரிசையான ரெட்மியில் 1எஸ் 5,999 ரூபாய், விற்பனை ஃப்ளிப்கார்ட்டில் மட்டும். எம்ஐ 3இல் இருந்த அதே ஸ்னாப்டிராகன் 800 சிப் போட்ட கூகுள் நெக்ஸஸ் 5 அறிமுகமானபோது 28,999 ரூபாய். பாதி விலைக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கடையில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். டிஸ்ட்ரிபியூட்டர் கமிஷன், எங்கள் மார்ஜின், பெரிய விளம்பரம் எதையுமே அந்த விலையில் ஏற்றவில்லை. லாபமும் குறைவுதான். ஹார்டுவேரில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று 2018இல் சியோமி தலைவர் லெய் ஜுன் வெளிப்படையாகவே அறிவித்தார்.

அதே கம்பெனி 2020இல் எம்ஐ 10ஐ 49,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அந்த விலை மாடல்களைக் காட்டினால் கஸ்டமர் கையில் வாங்கிப் பார்ப்பார், ஒரு போட்டோ எடுப்பார், நல்லா இருக்கு என்பார். விலையைக் கேட்டதும் "ரெட்மிக்கா அம்பதாயிரம்?" என்று கீழே வைத்துவிடுவார். "இது ரெட்மி இல்ல சார்" என்று நான் சொல்வது காதில் ஏறாது. பொருளில் குறை இல்லை. பத்தாயிரத்துக்கு நல்ல போன் கொடுத்த கம்பெனி என்று மனதில் பதிந்ததை அவரால் மாற்ற முடியவில்லை, அவ்வளவுதான். 2019இலேயே ரெட்மியைத் தனிப் பெயராகப் பிரித்தது இந்தச் சிக்கலுக்குத்தான் என்பது என் எண்ணம். ஒப்போவிலிருந்து ரியல்மி கிளம்பியதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பீளமேடு வாசி:
அண்ணே, ஏறவே முடியாது என்று சொல்ல மாட்டேன். தொடங்கும் இடம் முக்கியம். ஒன்பிளஸ் ஒன் 2014 டிசம்பரில் அமேசானில் 21,999 ரூபாய்க்கு வந்தது. இன்வைட் இருந்தால்தான் வாங்க முடியும். ஒரு நண்பரிடம் கெஞ்சி வாங்கினேன். அப்புறம் 2018இல் ஒன்பிளஸ் 6 விலை 34,999, அடுத்த வருஷம் 7 ப்ரோ 48,999. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், ஆட்கள் கூடவே போனார்கள். பத்தாயிரத்துக்குள் அவர்கள் போன் விட்டதே இல்லை என்பது பெரிய காரணம். என்னைப் போல கூட ஏற முடியாதவர்களுக்கு 2020இல் ஒன்பிளஸின் விலை குறைந்த வரிசை நார்டு 24,999 ரூபாயில் வந்தது. அதற்கு மாறிக்கொண்டேன், திருப்திதான்.

தாம்பரம் அத்தை:
நான் பார்த்தது ஐபோன் பக்கம். எங்கள் வீட்டில் அண்ணன் மகள் முதல் வேலைக்குப் போனதும் ஐபோன்தான் வேண்டும் என்றாள். 13, 14, 15, 16 என்று நாலு மாடலும் வெளிவந்த அன்று ஆரம்ப விலை ஒன்றுதான், 79,900 ரூபாய். புதுசு வந்தால் பழசு ஒரு படி இறங்கும். 2023இல் 15 வந்தபோது 14 விலை 69,900 ஆனது, 13 விலை 59,900. பழசின் விலையை இறக்கியே கீழே இருக்கிறவர்களுக்கும் கை நீட்டுகிறார்கள். இவள் வாங்கியது 13. கடையில் அவள் மொத்த விலையைப் பற்றிப் பேசவே இல்லை, "மாசம் எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்டாள். எனக்கு அது கவலையாக இருந்தது, இன்னும் இருக்கிறது. முதல் சம்பளத்திலேயே இஎம்ஐ பழக்கம் வேண்டாம் என்று பெரியவர்கள் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்கள், எங்கள் தெருப் பெண்களே அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். இங்கே செய்தும் அமெரிக்காவை விட விலை ஏன் கூடுதல்?

உறையூர்க்காரன்:
அக்கா, கடையில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 15 வெளிவந்தபோது அங்கே 799 டாலர், ஆனால் அதில் விற்பனை வரி சேராது. இங்கே விலையிலேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. உதிரி பாகங்களில் நிறைய வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, இங்கே நடப்பது பெரும்பாலும் அசெம்பிளி. அதையெல்லாம் விட, செலவைக் கூட்டிப் பார்த்து வைக்கிற விலை இல்லை அது. இவ்வளவு கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து வைக்கிற விலை.

பீளமேடு தம்பி சொன்னதும் சரிதான். சாம்சங்கைப் பாருங்கள். 2019 ஜனவரியில் எம்10ஐ 7,990 ரூபாய்க்கு ஆன்லைனில் இறக்கினார்கள், சியோமியோடு மோதத்தான். அதே வருஷம் கேலக்ஸி ஃபோல்டு 1,64,999 ரூபாய். ஒரே பெயர்தான், ஆனால் "சாம்சங்குக்கா இவ்வளவு?" என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எஸ் வரிசை 2010இலிருந்தே மேலே நிற்கிறது. எம்10 வந்த பிறகும் அந்த இடம் அசையவில்லை.